ஜெபக்குறிப்பு

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். அதைச் சொல்ல அந்த டாக்டர் பையன் பட்ட பாடு! "வீட்டுச் சாப்பாடு, வீட்டுக் காத்து, சார் மனசுக்கு நல்லா இருக்கும்" என்றான். ஈரலில் வந்த கட்டி வீட்டுக் காற்றில் கரைந்துவிடுமா? என் வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே, "தம்பி, எத்தன மாசம்னு நான் கேக்கல. காப்பி குடிக்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். குடிக்கலாமாம்.

பூட்டிக் கிடந்த வீட்டில் காற்று வஞ்சனையில்லாமல் மண்ணைக் கொட்டியிருந்தது. கூட்டிப் பெருக்கி, துடைத்து, படுக்கையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. அதற்குள் தெருவில் உள்ள அத்தனை பேரும் "தவமணி சார் வந்துட்டாங்களா?" என்று எட்டிப் பார்த்தாயிற்று. பார்க்கத்தானே செய்வார்கள். எங்கள் சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குருவானவர் வருவதற்கு முன்னால் இவர் போய் நிற்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சாவு வீட்டில் ஆறுதல் வாத்தியார் என்று நானே கேலி செய்திருக்கிறேன். இவர் பத்து நிமிஷம் பேசினால் மாரடித்து அழுகிற பொம்பளை எழுந்து முகம் கழுவுவாள். அப்படி ஒரு வாய்.

சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு வேதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீயே பண்ணு, ஜெமிமா" என்றார். அசதி.

ஜூன் 14, சனி

அசதி இல்லை.

இன்றைக்கும் "நீயே பண்ணு" என்றார். மூன்றாவது நாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன், உங்க வாய்க்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒண்ணு சொன்னா பதறக்கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"என்ன தெரியல?"

"செத்ததுக்கு அப்புறம் என்னன்னு. எத்தன வீட்டுல போயி நின்னு, அவங்க வெளிச்சத்துல இருக்காங்க, நாமளும் போயி பாப்போம்னு சொல்லியிருக்கேன். மனசாரத்தான் சொன்னேன். இப்ப எனக்குன்னு வரும்போது அந்தப் பக்கம் பாத்தா செவருதான் இருக்கு. இருக்கோ இல்லியோ, தெரியல ஜெமிமா. பயமா இருக்கு."

மருந்து வேகம், தூங்குங்க என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "இத உன்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்" என்றார்.

நான் அடுப்பங்கரைக்கு வந்து புளியைக் கரைத்தேன். பாதி மேடையில் சிந்தியது. பயத்தில் இல்லை, கோபத்தில். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பக்கத்தில்தான் முழங்கால் போட்டிருக்கிறேன். இவர் 'ஆமென்' என்றால் நானும் 'ஆமென்'. என் அம்மா செத்தபோது என்னைத் தூக்கி நிறுத்தினவர் இவர்தான். நம்பி ஏறின பஸ்ஸை டிரைவர் பாதி வழியில் நிறுத்தி, எனக்கு வழி தெரியாது என்று இறங்கினால் எப்படி இருக்கும்? என்னை ஏமாற்றிவிட்டார். வேறு சொல் கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. இவர் இப்படியே, நம்பாமலே போய்ச் சேர்ந்தால், நான் அங்கே போய் யாரைத் தேடுவேன்?

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். சார் எப்படி இருக்காங்க என்று எல்லோரும் கேட்டார்கள். நல்லா இருக்காங்க என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் உபவாச ஜெபம். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். இவர் போ என்றார்.

எங்கள் சங்கத்தில் ஜெபத்துக்கு முன்னால் ஜெபக்குறிப்பு சொல்வது வழக்கம். யாருக்கு என்ன தேவை என்று ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்ல, மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் ஜெபக்குறிப்பு என்று ஒரு வார்த்தையை முன்னால் போட்டுவிட்டால் எதையும் சொல்லலாம். கிளாராவின் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனதும், டிரில் மாஸ்டர் மகன் குடிப்பதும் எனக்குத் தெரிய வந்தது இந்த வழியாகத்தான். கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்போம். நானும்தான்.

நான் எழுந்து, இவர் சுகத்துக்காக என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பிறகு பின்கட்டில் உபவாசம் முடிக்கிற கஞ்சிக்குத் தேங்காய் துருவும்போது ஹெப்சிபா அக்கா, "உன் மூஞ்சி சரியில்லியே ஜெமி" என்றாள். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் மகன் பிறந்தபோது என் காலடியில் இருந்து பார்த்தவள். சங்கத்துக்குத் தலைவி. அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஜெபத்துக்காகத்தானே சொன்னேன். இது உங்களோடு இருக்கட்டும் என்றும் சொன்னேன். சொன்ன மாதிரிதான் ஞாபகம்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஹெப்சி அக்கா ஆட்டுக்கால் சூப்பு கொடுத்துவிட்டாள். இவர் இரண்டு வாய் குடித்தார். "எதுக்கு இவ்வளவு கரிசனம்?" என்றார். என்ன கேள்வி!

ஜூன் 28, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் போனை என் பக்கம் நீட்டினார். சபை வாட்ஸாப் குரூப். அதில் சாவு அறிவிப்புகளைப் போடுவது இவர் வேலை. அதில் ஹெப்சி அக்கா போட்டிருக்கிறாள்:

"அவசர ஜெபக்குறிப்பு. நம் சபையின் மூத்த சகோதரர் தவமணி சார் அவர்கள் வியாதிப் படுக்கையில் நித்திய ஜீவனைக் குறித்த அவிசுவாசத்தோடு போராடுகிறார்கள். ஒரு ஆத்துமா கடைசி நேரத்தில் இழந்துபோகாதபடி பாரத்தோடு ஜெபிக்கவும்."

கீழே வரிசையாகக் கூப்பின கைகள். எல்லாம் தெரிந்தவர்கள் கைகள்.

"நல்லா எழுதியிருக்கா. காலமானார்னு போடாததுதான் பாக்கி" என்றார். பிறகு, "யார்ட்ட சொன்ன?" என்று கேட்டார்.

"ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்."

"ம்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து மகன் ஜெயசிங் போன் பண்ணினான். "அம்மா, அப்பாவுக்கு என்னம்மா? இங்க நம்ம ஊர்க்காரர் ஒருத்தரு கைய புடிச்சிக்கிட்டு அழுதாரு" என்றான். கடல் தாண்டிப் போய்விட்டது.

முப்பது வருஷம் பழகின பாம்பு. பெயர் ஹெப்சிபா.

ஜூன் 30, திங்கள்

ஊரே வந்தது. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். ஒருவர் சலங்கைத் தட்டு வைத்த தம்புருவைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒருவர் ஜெபித்த எண்ணெய் என்று ஒரு பாட்டிலைத் திறந்து இவர் நெற்றியில் பூசினார். பூசினதோடு நின்றால் பரவாயில்லை, தலையணையெல்லாம் எண்ணெய். புதுசாகத் துவைத்துப் போட்ட உறை. நம் சபையே இல்லாத ஒரு வாலிபன், யாரோ கூட்டி வந்தது, இவர் தலையில் கையை வைத்து, "அவிசுவாசத்தின் ஆவியே, வெளியே போ!" என்று அதட்டினான். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள்.

இவர் அவனைப் பார்த்து, "தம்பி, தொண்ட கட்டிக்கிடப்போவுது. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

காப்பி போட்டுப் போட்டுப் பால் தீர்ந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு தலையணை உறையை மாற்றினேன். "வலிக்கா?" என்று கேட்டேன். ஜன்னலைத் திற என்றார். இரண்டு நாளாக என்னிடம் தண்ணி, மாத்திரை, ஜன்னல், இவ்வளவுதான் பேச்சு.

ஜூலை 3, வியாழன்

ஹெப்சி அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். முற்றத்தில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். உதறினேன்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய? நம்பித்தான சொன்னேன்."

"எல்லாரும் சேந்து ஜெபிச்சாத்தானட்டி சாத்தானோட கட்டு உடையும்? உன் புருஷன் நரகத்துக்குப் போவணும்னா சும்மா இருந்திருப்பேன்."

"எம் புருஷன் பேரப் போட்டு எழுதணுமா? ஊரெல்லாம் சிரிக்கணுமா?"

"யாரு சிரிச்சா? அழுதுட்டுல்ல இருக்காவ. நான் ஜெபத்துக்காகத்தான சொன்னேன், ஜெமி. வேற எதுக்குச் சொன்னேன்?"

முகத்தில் ஒரு கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். செய்ததை உணர்ந்து தலைகுனிந்தால் திட்டலாம். இவளோ ஊழியம் செய்துவிட்ட நிம்மதியில் நிற்கிறாள். இனி என் வாசல்படி மிதிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெபத்துக்காகத்தான சொன்னேன் என்று அவள் சொன்ன வார்த்தை வருகிற வழியெல்லாம் காதில் நின்றது. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். இன்று இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஜூலை 9, புதன்

ரூபி வந்தாள்.

தெற்குத் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கிறாளே, அந்த ரூபி. அவள் மகள் ஷீபா மூளைக்காய்ச்சலில் செத்தபோது ரூபி சாப்பிடாமல், பேசாமல் கிடந்தாள். இவர்தான் தினமும் போய் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஷீபா எங்கே போயிருக்கிறாள், எப்படி இருப்பாள் என்று இவர் சொல்லச் சொல்ல அவள் எழுந்தாள். பல வருஷம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருகிறவள் இன்றைக்கு வெறுங்கையோடு வந்தாள். உட்காரவும் இல்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். குரூப்ல போட்டிருக்கிறது நெசமா?"

இவர் அவளைப் பார்த்தார். பொய் சொல்லிவிடுங்கள் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். "நெசந்தான் ரூபி" என்றார்.

"அப்ப எங்கிட்ட சொன்னது? எம் புள்ள அங்க இருக்கா, நான் போயி பாப்பேன்னு நீங்கதான சார் சொன்னிய? அத வச்சித்தான நான் எந்திரிச்சேன். அத வச்சித்தான இத்தன வருஷம் மெஷின மிதிக்கேன். இப்ப உங்களுக்கே தெரியலன்னா நான் எங்க போவேன்?"

ஏமாந்துபோன குரல். கத்தவில்லை, அழவில்லை.

இவர் எழுந்து உட்காரவேண்டும் என்று கை காட்டினார். தூக்கி உட்காரவைத்தேன். மூச்சு வாங்கியது.

"ரூபி, ஷீபாவப் பத்தி எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்ல. மத்தவங்களப் பத்தியும் இல்ல. அவங்களத் தேடிப் பாத்தா எனக்குத் தெரியிறாங்க. என்னையத் தேடிப் பாத்தாத்தான் அங்க காணல. அது எங்கிட்ட உள்ள கோளாறு. உன் புள்ளகிட்ட இல்ல."

ரூபி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இவர் காலைப் பிடித்துவிட்டாள். போகும்போது என்னிடம், "சாருக்கு லூசா ரெண்டு சட்ட தச்சிக் கொண்டாரேன்க்கா, படுக்கைல மாட்ட லேசா இருக்கும்" என்றாள்.

அவளை ஆறுதல்படுத்தச் சொன்னதா, உண்மையா, எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. இதை இவர் என்னிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

கேட்டுவிட்டேன். "ரூபிகிட்ட சொன்னத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா வெள்ளிக்கிழம ஜெபத்துல வந்துருமே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் வலித்தது.

முருங்கைக்காய்க் குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே சாப்பிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பினேன். கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைப்பேறும் ஆஸ்பத்திரியும் தவிர நான் ஆராதனைக்குப் போகாத ஞாயிறு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மணி அடித்தது கேட்டது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரைத் தரையில் கீரையைப் பரப்பிவைத்துக்கொண்டு உருவினேன். உருவிக்கொண்டே ஆண்டவரிடம் பேச ஆரம்பித்தேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டை. எல்லாரும் என்னை ஏமாற்றினார்கள், நீர் உட்பட என்றேன். ஊரார் கண்ணீரைத் துடைத்த மனிதனுக்கு அவன் முறை வரும்போது விளக்கை அணைத்துவிட்டீரே, இது என்ன நியாயம் என்றேன். இவரை ஒரு வார்த்தை, 'நம்புகிறேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வையும், நான் வேறொன்றும் கேட்கமாட்டேன் என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

அப்புறம் என் வாயில் வேறொன்று வந்தது. இவர் சொல்லாவிட்டாலும் இவரை விட்டுவிடாதேயும் என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து வராத ஒன்றை நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கீரை முழுவதும் ஆய்ந்து முடிந்திருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து குருவானவர் வீட்டுக்கு வந்து திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுத்தார். சபைக் கமிட்டியில் இரண்டு பேர், விசுவாசத்தை அறிக்கை பண்ணாதவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்களாம். குருவானவர் வயதில் சின்னவர், பேசும்போது தரையைப் பார்ப்பார். ஆனாலும், "பசிக்காதுன்னு சொல்றவருக்கும் இலை போடத்தானேம்மா செய்யணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நான் வெள்ளைத் துணி விரித்து ஸ்டூலைப் போட்டேன். மூன்றே பேர்.

திருவிருந்து ஆராதனையில் சொல்லுகிற பெரிய விசுவாசப் பிரமாணம் வந்தது. இவர் வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். குருவானவரும் நானும் மட்டும் 'விசுவாசிக்கிறேன்' 'விசுவாசிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே போனோம். இந்த வீட்டில் எல்லா ஜெபத்தையும் நடத்தின குரல், சும்மா கிடந்தது. கடைசி வரி வந்தது. மரித்தோர் எழுந்திருப்பதையும் மறுமையின் ஜீவனையும் பற்றிய வரி. அந்த இடத்தில் மெல்லிசாக ஒரு குரல் எங்களோடு சேர்ந்தது. இவர் குரல். 'காத்திருக்கிறேன்' என்று சொன்னார். ஆமென் என்றார்.

நான் அப்பத்தை இரண்டு கையாலும் வாங்கினேன்.

அவர் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்தேன். "அந்த வரிய மட்டும் சொன்னியளே" என்றேன்.

"நீ கவனிச்சதில்லியா? அது முழுக்க விசுவாசிக்கிறேன், விசுவாசிக்கிறேன்னு வரும். அந்தக் கடைசி வரில மட்டும் வேற. காத்திருக்கிறேன்னுதான் போட்டிருக்கு. நானும் படுத்துக்கிட்டு யோசிச்சேன். மத்தத சொல்ல இப்ப எனக்குத் தெம்பு இல்ல. அது ஒண்ணு பொய் இல்லாம சொல்ல முடியும். காத்துக்கிட்டுத்தான கெடக்கேன்."

இத்தனை வயதுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அதை. ஒரு தடவைகூடக் காதில் விழுந்ததில்லை.

சொல்லவேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "மன்னிச்சிருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"ஹெப்சி அக்காகிட்ட சொன்னதுக்கு."

என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். "ஊருக்குத் தெரிஞ்சதுல எனக்கு வருத்தம் இல்ல ஜெமிமா. இத்தன வீட்டுக்குப் போனேன்ல, நான் பேசினதுனாலயா அவங்க எந்திரிச்சாங்க? கூட உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்குன்னு உன்கிட்ட சொன்னேன். நீ எந்திரிச்சுப் போயி ஆள் கூட்டிட்டு வந்துட்ட. உக்காந்திருந்தா போதுமா இருந்திருக்கும்."

நான் அழுதேன். அவர் அழவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 26, சனி

ரூபி சட்டை கொண்டுவந்தாள். நீல நிறம். இவருக்கு நன்றாக இருக்கிறது. ஆள் பாதியாகிவிட்டார். கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது.

இப்போதெல்லாம் வேலையை முடித்துவிட்டு இவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன். பேச்சு அதிகம் இல்லை. இன்று கேட்டார், "உனக்குத் தெரியுதா, அங்க?"

முன்னால் என்றால் ஒரு வசனத்தைப் படபடவென்று ஒப்பித்திருப்பேன். யோசித்துத்தான் சொன்னேன். "உங்கள மாதிரி தெளிவாப் பேச எனக்கு வராது. ஆனா இருக்குன்னுதான் எனக்குப் படுது. நீங்க இல்லாம அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல. அது ஆண்டவருக்கும் தெரியும்."

"அப்ப நீ எனக்கும் சேத்து நம்பிக்கோ" என்றார். கடைக்குப் போகிறவளிடம் எனக்கும் ஒரு பாக்கெட் வாங்கி வா என்கிற மாதிரி சொன்னார். சரி என்றேன். பொறுப்புத்தான். இதுவரைக்கும் அவர் எனக்கும் சேர்த்து நம்பியிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் காப்பி கேட்டார். ஆற்றிக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஞாயிறு சாயங்காலம் அடக்கம் நடந்தது. ஜெயசிங் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தான். கூட்டம் தெருமுனை வரை நின்றது. யார் யாரோ அழுதார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாவு உண்டு, அந்தச் சாவில் இவர் உண்டு.

பெட்டியை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஹெப்சி அக்கா வந்தாள். வாசல்படி மிதிக்காதே என்று சொல்லியிருந்தேன், மிதித்தாள். சாவு வீட்டில் யாரைத் தடுக்க முடியும்? அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள். அது நடிப்பு இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாள்.

"ஜெமி, ஆராதனைல குருவானவரு சாட்சி சொல்லணும்ல. கடைசில சாரு அறிக்க பண்ணினாரா? ஒரு வார்த்த சொல்லு போதும். நானே எந்திரிச்சு எல்லாருக்கும் சொல்லிருதேன். குரூப்லயும் போட்டுருதேன். நான் போட்டதுனால வந்த கெட்ட பேர நானே அழிச்சிருதேன்."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. காத்திருக்கிறேன் என்ற அந்த ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். அவள் அதை ஜோடித்து, மாலை போட்டு, ஊர்வலம் விட்டு, இவர் பேரை நிமிர்த்தி வைத்துவிடுவாள். சுற்றி இருந்த பெண்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். நீலச் சட்டையோடு இவர் படுத்திருந்தார்.

"அக்கா, அவுக எங்கிட்ட சொன்னது எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

"அப்ப ஜனங்க தப்பால்ல நெனைக்கும்?"

"நெனைக்கட்டும்."

"உனக்காகத்தான் கேக்கேன். ஜெபத்து..."

"வேண்டாம்க்கா."

அவள் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் ஒன்றும் கொடுக்கவும் இல்லை. பின்னால் யாரோ, "பாவம், கடைசி வரைக்கும் இல்ல போல" என்று முணுமுணுத்தாள். நெஞ்சில் கத்தி இறங்கின மாதிரி இருந்தது. எழுந்து அவள் வாயை அடைத்திருப்பேன். உட்கார்ந்திருந்தேன்.

கல்லறையில் குருவானவர், "நம் சகோதரர் பலருக்கு ஆறுதலாக இருந்தார்" என்று மட்டும் சொன்னார். மண் போடும்போது ரூபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தேன். சிலர் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். இழந்துபோன ஆத்துமாவின் பெண்டாட்டி. பழகிக்கொள்ளவேண்டியதுதான்.

ஹெப்சி அக்காவை இன்னும் மன்னிக்கவில்லை. முயற்சி செய்கிறேன், அவசரப்படுத்தவேண்டாம் என்று ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான் என்பது நினைவுக்கு வரும்போது கொஞ்சம் சுலபமாகிறது. உடனே கோபமும் வருகிறது.

ஜெயசிங் தன்னோடு மஸ்கட்டுக்கு வா என்கிறான். இப்போது இல்லை என்றேன். சாயங்காலம் அவனை உட்காரவைத்துக் குடும்ப ஜெபம் நானே நடத்தினேன். இவரைப் போல வார்த்தை வரவில்லை. திக்கித் திணறித்தான் முடித்தேன். அவன் ஆமென் என்றான்.

இவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை. நம்பச் சொன்னார், நம்புகிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. இந்நேரம் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் போகும்போது எனக்கு வேறு வரவேற்பு வேண்டாம். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இருக்கு ஜெமிமா, நாந்தான் பயந்துட்டேன்" என்று சொல்லவேண்டும். அதை முதலில் என்னிடம்தான் சொல்லவேண்டும். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.